முதலில் சொல் கேட்கட்டும்

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் தாத்தாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். 1960களில் அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது 1972ல். அதற்கு முன்பு சரக்கெல்லாம் மூட்டையாகவும் பெட்டியாகவும் ஆள்பலத்தில் ஏறி இறங்கியது. அந்தக் காலத்தைப் பற்றி அவர் சாப்பாட்டு மேசையில் சொன்னவற்றைத்தான் பதினாறு வரிகளாக எழுதினேன்.

என் அறையிலேயே பாடி, பதிவு செய்து, தாளமும் இசையும் சேர்த்து முடிக்க மூன்று வாரம் ஆனது. பொங்கலன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது கூடத்து ஒலிபெருக்கியில் போட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“நல்லா இருக்கும்மா,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “இது எந்த மொழிப் பாட்டு?” என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவரைப் பற்றி அவருடைய மொழியில் எழுதிய பாட்டு அது. அவருக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

“தாத்தாவுக்குக் காது மந்தம், அதை மனசுல வச்சுக்காதே,” என்று அம்மா ஆறுதல் சொன்னார். சோதித்துப் பார்க்க, தமிழ் நன்றாகத் தெரிந்த பல்கலைக்கழகத் தோழி ஒருத்திக்குப் பாட்டை அனுப்பி, காதில் விழுவதை அப்படியே எழுதச் சொன்னேன். பதினாறு வரிகளில் ஐந்து வரிகளைத்தான் அவளால் எழுத முடிந்தது. குறை தாத்தாவின் காதில் இல்லை, என் ஒலிப்பதிவில் இருந்தது.

இன்று நம் இளையர்களில் பலர் வீட்டிலேயே பாட்டுத் தயாரிக்கிறார்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020ல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்ற பில்லி ஐலிஷின் தொகுப்பு, பெரும்பாலும் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தது 1989ல். ‘ரோஜா’ வெளிவந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. ஆகவே வீட்டில் செய்வது தவறில்லை. தமிழில் பாடிவிட்டு, தமிழ் கேட்காதபடி செய்துவிடுகிறோமே, அதுதான் தவறு. நான் செய்த தவறுகளையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே சொல்கிறேன். அடுத்து பதிவு செய்யப் போகிறவருக்கு மூன்று வாரமாவது மிச்சமாகட்டும்.

அறைதான் முதல் கருவி

துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 400 வெள்ளியில் நான் முதலில் வாங்கியது ஒரு கண்டென்சர் வகை மைக். விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைத்தேன். அந்த மைக் என் குரலை மிகத் துல்லியமாகப் பிடித்தது. கூடவே மின்விசிறியையும், பக்கத்து வீட்டுத் தாளிப்பையும், கீழே காராங் கூனிக்காரர் அடித்த ஹார்னையும் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் அறையின் எதிரொலியைப் பிடித்தது.

அடுக்குமாடி வீட்டு அறைகள் பெரும்பாலும் சிறிய கான்கிரீட் பெட்டிகள்தான். எதிரெதிர்ச் சுவர்கள், வழவழப்பான தரை, கண்ணாடி சன்னல். அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் ‘டிர்ர்’ என்று ஒரு வால் நீண்டால், ஒலி சுவர்களுக்கு இடையே பந்துபோல் துள்ளுகிறது என்று பொருள். நீங்கள் பாடும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் ஒட்டிக்கொள்ளும். பதிவான பிறகு அதைச் சுத்தமாக நீக்குவது மிகக் கடினம்.

தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். பெரும்பாலான மைக்குகள் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிப்பவை. நம் வாய் மைக்கை நோக்கி இருக்கும்போது, மைக்கின் முகம் நம்மையும் நம் முதுகுக்குப் பின்னால் உள்ளதையும் பார்க்கிறது. அதனால் மெத்தையும் போர்வையும் பாடுபவரின் பின்னால் இருப்பதே அதிகம் பலன் தரும். இது தெரியாமல் நான் பல நாள் மைக்கின் பின்னால் போர்வை கட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது வீண். அவை மெல்லியவை, கொஞ்சம் உயர் ஒலியைத் தவிர வேறெதையும் அடக்கமாட்டா. கடையில் விற்கும் நுரைப் பஞ்சுத் தகடுகள் எதிரொலியைக் குறைக்கும். ஆனால் நம் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்கா. அதற்குக் கனமான சுவர் வேண்டும். வாடகை வீட்டிலோ பெற்றோர் வீட்டிலோ அது நடக்காது. எனவே இரவில் ஹெட்ஃபோனில் கலவை வேலையைச் செய்யுங்கள், பாடுவதைப் பகலுக்கு ஒதுக்குங்கள். அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒரு பகுதிதான்.

பகலில் எந்த நேரம் என்பதை ஒரு வாரம் கவனித்து முடிவு செய்யலாம். எங்கள் வீட்டில் பிற்பகல் இரண்டு முதல் நான்குவரை அமைதி. தங்கை பள்ளியில் இருப்பாள், குக்கர் விசில் அடிக்காது, விடியற்காலைக் குயிலும் ஓய்ந்திருக்கும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் பாடுவேன், பிறகு அவற்றைப் போட்டுப் பத்து நிமிடம் இளைப்பாறுவேன். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் தாங்காது.

ஒரு சாண் தூரம்

மைக்குக்கும் வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம்? ஒரு சாண், அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதாவது, தள்ளி நிற்க நிற்க உங்கள் குரல் சிறுத்து, அறையின் குரல் பெருக்கும். மிகவும் ஒட்டி நின்றால் அடிக்குரல் உப்பிவிடும், ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று ‘டப்’ என்று மோதும். ஒரு வலைத் தடுப்பு வைத்து, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் அந்த மோதல் அடங்கும்.

நான் இப்போது பயன்படுத்துவது யாரோ விற்ற ஒரு பழைய டைனமிக் மைக். அதை வைத்துப் பாடும்போது அருகிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, என் அறைக்கு அதுவே நன்மையாகிவிட்டது. மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் மூன்றும் பழையவை. மொத்தச் செலவு நான் முதலில் வாங்கிய ஒற்றை மைக்கின் விலையைவிடக் குறைவு. மென்பொருளுக்குச் செலவே இல்லாமலும் தொடங்கலாம். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கணினியோ ஐபோனோ இருந்தால் கராஜ்பேண்டும் இலவசம்.

பதிவு செய்யும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலுக்குள் இருக்கும்படி பாருங்கள். “சத்தம் குறைவாக இருக்கிறதே” என்று ஏற்றிவிடாதீர்கள். 24 பிட் பதிவில் குறைந்த ஒலியைப் பிறகு தாராளமாக உயர்த்தலாம். பூச்சியத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியைச் சரியாக மீட்க முடியாது. ஆர்வத்தில் உச்சக்குரலில் பாடிய என் மிகச் சிறந்த முயற்சி அப்படித்தான் வீணானது.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாக வந்தால் தாளம் தடுமாறும். கணினியின் பஃபர் அளவு 1024 என்றிருந்தால் அதனால் மட்டும் சுமார் 21 மில்லி விநாடி தாமதம் வரும். பாடும்போது 128க்குக் குறையுங்கள், கலவை செய்யும்போது மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரைக் கணக்கு

இனி ஒலிக்கலவை. என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. நான் கலவை கற்றது முழுக்க ஆங்கிலக் காணொளிகளில். அவர்கள் ஆங்கிலப் பாடல்களுக்குச் சொன்ன அளவுகளை அப்படியே என் தமிழ்ப் பாட்டில் போட்டேன். குரலுக்கு நீண்ட ரிவெர்ப், அதன்மேல் இன்னொரு எதிரொலி. கேட்க அழகாக இருந்தது, ஒரு கோவிலுக்குள் பாடுவதுபோல.

தமிழில் ஓசையின் நீளமே பொருளைத் தீர்மானிக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று உயர்நிலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, தேர்வு முடிந்ததும் மறந்தும் போனோமே, அந்தக் கணக்குதான் இங்கே உதவுகிறது. எடு, எட்டு, ஏடு, ஏட்டு. நான்கும் வேறு வேறு. ‘எட்டு’ என்று சொல்லும்போது ‘ட்’ வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டி, கண நேரம் ஒலியே நின்றுவிடுகிறது. அந்தச் சின்ன மௌனம்தான் ‘எட்டு’ என்பதற்கு அடையாளம். நீண்ட ரிவெர்ப் அந்த மௌனத்துக்குள் வழிந்து அதை நிரப்பிவிடுகிறது. குறிலின் வால் நீண்டு நெடில்போல் ஆகிவிடுகிறது. என் பாட்டில் ‘மூட்டை’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. தோழி ஓரிடத்தில்கூட அதை எழுதவில்லை.

ரிவெர்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத குரல் காய்ந்துபோய் இருக்கும். அதன் நீளத்தை ஒரு விநாடிக்குச் சுற்றுவட்டாரத்தில் வைத்துக்கொண்டு, முன்தாமதத்தை 30 முதல் 50 மில்லி விநாடி என்று அமைத்துப் பாருங்கள். முதலில் சொல் வரும், எதிரொலி அதன் பின்னால் வரும். ரிவெர்ப் போகும் பாதையில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிட்டால் மூட்டம் விலகும்.

அடுத்தது ஈக்வலைசர். உயிரெழுத்தின் பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. அதே இடத்தில்தான் கிட்டாரும் கீபோர்டும் வந்து உட்காருகின்றன. நான் முன்பு குரல் கேட்கவில்லை என்று குரலை ஏற்றினேன், பிறகு இசை கேட்கவில்லை என்று இசையை ஏற்றினேன். இரண்டும் போட்டி போட்டுக் கத்தின. இப்போது கீபோர்டில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறைக்கிறேன். குரலைத் தொடாமலே குரல் முன்னால் வந்துவிடுகிறது. பேருந்தில் ஒருவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் கிடைப்பதுபோல.

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். மேசை அதிர்வும், நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தின் அடிப்பகுதியும் அதோடு போய்விடும். குரல் மூக்கடைத்ததுபோல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் அடக்கும் டி-எஸ்ஸர் உதவும். அதையும் அளவாகப் பயன்படுத்துங்கள். மிஞ்சினால் பாடுபவருக்குப் பல் விழுந்ததுபோல் கேட்கும்.

கம்ப்ரசர் உரத்த இடத்தை அடக்கி, மெல்லிய இடத்தோடு சமன் செய்யும் கருவி. அது மிக வேகமாக வேலை செய்தால் ‘க’, ‘த’, ‘ப’ போன்ற வல்லினத்தின் முதல் அடியையே நசுக்கிவிடும். அட்டாக் 10 முதல் 20 மில்லி விநாடி, விகிதம் மூன்றுக்கு ஒன்று என்று தொடங்கிக் காதால் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் சில சொல்லிறுதிகள் காணாமல் போகும். தமிழில் திணையும் பாலும் எண்ணும் சொல்லின் கடைசியில்தானே இருக்கின்றன? ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்பவற்றில் கடைசி மெய் விழுந்துவிட்டால் யார் வந்தது என்றே தெரியாது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் உயர்த்துவேன். ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது. எந்தக் கருவியும் தராத பலனை அது தருகிறது.

“சொல் எதற்கு, உணர்வு போதாதா?”

இதைச் சொன்னபோது இசைக்குழு நண்பர் ஒருவர் மறுத்தார். “பாட்டுக்கு உணர்வுதான் முக்கியம். சொற்கள் மங்கலாக இருப்பதும் ஒரு பாணி. ஆங்கிலத்தில் எத்தனை பேர் அப்படிப் பாடுகிறார்கள்?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மங்கலை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கும் கலைஞரை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆனால் ஆங்கிலப் பாட்டில் ஒரு வரி மங்கினால் அதைத் தேடிப் படிக்க எத்தனையோ வழி உண்டு, அந்த மொழி நாள் முழுவதும் நம்மைச் சுற்றியும் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தமிழ் வகுப்பறையிலும், வீட்டில் சில மணி நேரமும், பாட்டிலும்தான் காதில் விழுகிறது. என் தங்கை பாட்டைக் கேட்டுத்தான் புதுச் சொற்களைப் பிடிக்கிறாள். அந்தப் பாட்டிலும் சொல் மூழ்கிவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது தாளம் மட்டுமே. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழு 2006ல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பை இன்று கேட்டாலும், அத்தனை வேகமான சொல்லிசையிலும் சொற்களைப் பின்தொடர முடிகிறது. ஆகவே வேகத்தின்மேலும் பாணியின்மேலும் பழி போட வழியில்லை.

எழுதச் சொல்லிப் பாருங்கள்

பாட்டை வெளியிடுவதற்கு முன் மூன்று சோதனைகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, மிகக் குறைந்த ஒலியில் கேட்பது. பக்கத்தில் ஒருவர் பேசினால் பாட்டு மறையும் அளவுக்குக் குறையுங்கள். அப்போதும் சொற்கள் மிதந்து நின்றால் கலவை நன்றாக இருக்கிறது. இரண்டாவது, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பது. நம் பாட்டைப் பெரும்பாலானோர் கேட்கப்போவது அதில்தான். மூன்றாவதுதான் முக்கியம். பாட்டு வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, கேட்பதை எழுதச் சொல்லுங்கள். எழுதியவருக்கு எல்லா வரியும் தெரியும். அதனால் எழுதியவரின் காது சொல்லாததையும் கேட்டுவிடும். நம் பாட்டுக்கு நாமே நீதிபதியாக இருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. முழுப் பாட்டையும் நசுக்கி உரப்பாக்க முயல வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் உரத்த பாடல்களைத் தாமே குறைத்துச் சமன் செய்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ். உரப்பாக்குவதால் இழப்பது நிச்சயம், கிடைப்பது ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்து, பாட்டை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்தேன். இம்முறை தோழி பதினாறில் பதினான்கு வரிகளை எழுதினாள். மார்ச் விடுமுறையில் ஒரு பிற்பகல், தாத்தாவுக்குக் கைப்பேசியிலேயே போட்டுக் காட்டினேன். வேறு யாரும் வீட்டில் இல்லை.

பாதிப் பாட்டில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது.

“ஏம்மா, நான் வின்ச் ஓட்டினேன்னு எழுதியிருக்கே. நான் எங்கே வின்ச் ஓட்டினேன்? நான் மேலே நின்னு கை காட்டறவன். அந்தச் சத்தத்துல யாரு பேசினாலும் காதுல விழாது. நான் காட்டற கையைப் பார்த்துத்தான் வின்ச்காரர் ஏத்துவார், எறக்குவார். கை தப்பினா கீழே நிக்கிறவன் மேல மூட்டை விழும்.”

எழுந்து நின்று அந்தக் கைச்சைகைகளைச் செய்தும் காட்டினார். ஏற்று, நிறுத்து, மெதுவாக இறக்கு. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்திராதவை.

பொங்கலன்று என் பாட்டைப் பாராட்டியவர், மார்ச்சில் அதில் தவறு கண்டுபிடித்தார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய பாராட்டு. சொல் கேட்டால்தானே ஒருவரால் “அது அப்படி இல்லை” என்று சொல்ல முடியும்?

இப்போது மூன்றாவது முறையாகப் பதிவு செய்யப்போகிறேன். அந்த வரியை மாற்றிவிட்டேன். அலமாரிக் கதவைத் திறந்து வைத்தாயிற்று. பிற்பகல் இரண்டு மணி ஆக வேண்டும், அவ்வளவுதான்.